கைப்பிடித் தூக்கம்

சீயோன்விளையில் எந்தப் பெண்ணும் அளந்த அரிசி முழுவதையும் அப்படியே உலையில் போட்டதில்லை. அளந்ததிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் தகர டப்பாவுக்குள் போட்டு, ஒரு வார்த்தை ஜெபம் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவார்கள். வீட்டுக்கு விருந்தாள் வந்திருந்தாலும் சரி, அரிசிப் பானை அடிதட்டியிருந்தாலும் சரி, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும் சரி, கைப்பிடி என்றால் கைப்பிடிதான். ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாக்கள் எல்லாம் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொண்டு கோவிலுக்கு வரும், ஆல்டருக்குக் கீழே வைத்திருக்கும் பெரிய ஓலைக்கடகத்தில் கொட்டப்படும், கொட்டிய பிறகு எது யார் வீட்டு அரிசி என்று கண்டுபிடிக்க எவராலும் முடியாது. புழுங்கலும் பச்சையும், ரேஷன் அரிசியும் கடைச் சரக்கும் ஒன்றாகக் கலந்து, அந்த வாரம் எந்த வீட்டில் கஷ்டமோ அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அந்தக் கடகத்தில் அரிசியோடு சேர்ந்து தூக்கமும் விழ ஆரம்பித்தது எப்சிபாவுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்த வருஷம்.

எப்சிபா தாய்மார் சங்கத்தின் செயலாளர். கடகத்து அரிசியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள்தான். பிரசவ வீடு என்றால் பூண்டுக் குழம்பும், சாவு வீடு என்றால் பெரிய தூக்குவாளி நிறையக் கடுங்காப்பியும் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களுக்குத் தகவல் போய்ச் சேருமுன்பே அவள் போய் நிற்பாள். ஆனால் அவள் வாசலுக்கு யாரும் ஒரு கிண்ணத்தை மூடி எடுத்து வந்துவிட முடியாது. வந்தால் அதே கிண்ணத்தில் வேறொன்றை இரண்டு மடங்காகப் போட்டு, கொண்டுவந்தவளையே கூச்சப்பட வைத்து அனுப்பிவிடுவாள். கொடுத்தே பழகிய கை அது, நீட்டி வாங்குவது எப்படியென்று அதற்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை.

அவளுடைய குழந்தை பெனிட்டா ஒரு தேங்காய் அளவில் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் கிடந்து வீட்டுக்கு வந்தது. விழித்திருக்கும்போது அதற்கு ஒரு குறையும் இல்லை. தூங்கும்போதுதான் மூச்சுவிட மறந்துவிடும். உள்ளங்காலை ஒரு சுண்டு சுண்டினால் ஞாபகம் வந்து, கோபமாக ஒரு அழுகை அழுதுவிட்டு மறுபடியும் மூச்சு விடும். எடை கூடக் கூடச் சரியாகிவிடும், அதுவரைக்கும் பிள்ளை தூங்கும்போது நெஞ்சில் ஒரு கை இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தார். மும்பையில் கடை வேலையில் இருந்த புருஷன் செல்வின் வந்து பார்த்து, அழுது, லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டான். குறைமாதப் பிள்ளை நாளின் பெரும் பகுதியைத் தூங்கியே கழிக்கும் என்பதால், எப்சிபா தூங்குவதற்கு நேரம் என்று ஒன்று இல்லாமலே போயிற்று.

தாய்மார்கள் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஞானப்பூ வந்தாள், போதகரின் மனைவியான ஐயரம்மா வந்தார், பாட்டுக்குழுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "ஏளா எப்சி, பிள்ளையை இப்பிடித் தா, நீ செத்த நேரம் படு" என்று ஞானப்பூ கேட்டபோது, எப்சிபா ஒரு கையைக் குழந்தையின் நெஞ்சில் வைத்துக்கொண்டே மறு கையால் எல்லாருக்கும் காப்பி போட்டாள்.

"எனக்கு ஒரு குறையுமில்ல மைனி. முறுக்கு எடுத்துக்கிடுங்க."

உதவி செய்ய வந்த பெண்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே தெருவுக்கு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கண்ணுக்குக் கீழே கரி பூசினது போல் இருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். கடைக்குப் போய்வர மட்டும் ஞானப்பூவுக்கு அவள் அனுமதி கொடுத்திருந்தாள், அதுவும் வேறு வழியே இல்லாததால்.

ஞானப்பூவுக்கு நாலு பையன்கள். நாலும் நாலு திசையில் ஓடுகிற ரகம். மத்தியானம் சோற்றை வடித்து எல்லாரையும் தின்ன வைத்து விரட்டிவிட்டுப் போடுகிற குட்டித் தூக்கம்தான் இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து. ஒருநாள் கைப்பிடி அரிசியை அள்ளி டப்பாவுக்கு மேலே பிடித்தவளுக்கு, நின்றபடியே கண் சொக்கியது. "ஆண்டவரே, அந்தப் பிள்ளை கொஞ்சம் கண்ணசரட்டும், வேணும்னா என்கிட்டயிருந்து எடுத்துக் குடும்" என்று சொல்லிக் கையைத் திறந்தாள். அரிசி விழுந்தது, அதன் பின்னாலேயே தூக்கமும் விழுந்தது. பஞ்சு மூட்டையைத் தரையில் வைத்தது போல ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அன்று மத்தியானம் பாயை விரித்துப் படுத்தவள் ஒரு பொட்டுத் தூக்கம் வராமல் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்துவிட்டு, எழுந்து நாலு பேருடைய கிழிந்த கால்சட்டைகளையும் தைத்து முடித்தாள்.

அந்த வாரக் கடகத்து அரிசி எப்சிபா வீட்டுக்கென்று ஐயரம்மா சொல்லிவிட்டார். நேரே கொடுத்தால் திரும்பி வந்துவிடும் என்று ஊருக்கே தெரியும். ஆகவே ஞானப்பூ கடையில் வாங்கின அரிசியோடு அதையும் கலந்து, ஒரே சாக்காகக் கட்டி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

எப்சிபா அதில் கஞ்சி வைத்துக் குடித்தாள். குடித்துவிட்டுத் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்தாள். விழித்த கண் விழித்தபடியே இருக்க, வைத்த கை வைத்தபடியே இருக்க, அவளுக்குள் தூக்கம் நடந்தது. குளத்தில் ஆள் இறங்கி நடப்பது போல மெல்ல மெல்ல இறங்கி, அடிவரைக்கும் போய், நிதானமாக ஏறி வந்தது. தொட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரில் வெயில் விழும் இடத்தில், யாரோ நாலு பையன்கள் ஒரு புளியமரத்தில் ஏறி இறங்க வழி தெரியாமல் கத்திக்கொண்டிருந்த கனவு ஒன்றும் ஓடி முடிந்தது. நடுவில் பிள்ளை ஒருமுறை மூச்சை மறந்தபோது விரல் தானாகவே போய்ச் சுண்டியது. எழுந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் புதிதாக இருந்தது. மேலேயிருந்து நேரடியாக வந்த கிருபை என்று நினைத்தாள், முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னாள். மனுஷர் யார் கையிலிருந்தும் வாங்காமல் வந்த உதவி என்பதால் அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஞானப்பூ விஷயத்தைச் சொன்னாள். ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, எப்படிச் செய்வது என்பதே பேச்சாக இருந்தது. அரிசியை அள்ளும்போதே நினைக்க வேண்டுமா, கையைத் திறக்கும்போதா? ராத்திரித் தூக்கத்தைக் கொடுக்கலாமா, மத்தியானத் தூக்கம் மட்டும்தானா? பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்களும் மாத்திரை போட்டுத் தூங்குகிறவர்களும் கொடுக்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. போதகர் ஐயரிடம் கேட்டார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, காணிக்கையில் எதைப் போடலாம் எதைப் போடக் கூடாது என்று சபைச் சட்டத்தில் தூக்கத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, மனப்பூர்வமாகக் கொடுத்தால் சரிதான் என்றார். அடுத்த ஞாயிறு அரிசி கொட்டுகிற நேரத்தில் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லாரும் பிரசங்கம் தொடங்கும் முன்பே சாய்ந்துவிட்டதால், அதன் பிறகு கடகத்துக்கு ஒரு கெட்டியான மூடி முடைந்தார்கள்.

கொடுக்கக் கொடுக்கத்தான் தெரிந்தது, ஒவ்வொருத்தி தூக்கமும் ஒவ்வொரு விதம் என்று. பெரிய வீட்டு சந்தோஷத்தம்மாளின் தூக்கம் கிழங்கு தின்றது போலக் கனமானது. டீச்சர் ஜாய்ஸின் தூக்கம் கோழித் தூக்கம், சத்தம் கேட்டால் போதும், கலைந்துவிடும். போட்டியும் வந்தது, வராமல் இருக்குமா? அவள் ஒரு கைப்பிடி போட்டால் இவள் இரண்டு போட்டாள். ஒரு மாதத்துக்குள் சீயோன்விளையில் மத்தியானம் கண்ணை மூடுகிற பெண்ணே இல்லையென்று ஆகிவிட்டது. சாயங்காலக் குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது, குழாயடியில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை நடந்தது, பாட்டுக்குழு ஒரே பாட்டின் இரண்டாம் சரணத்தை மூன்று முறை பாடிவிட்டு அடுத்தது என்னவென்று தெரியாமல் நின்றது. புருஷன்மார் முணுமுணுத்தார்கள். "உப்புக் கூடினா மோர் ஊத்திச் சாப்பிடுங்க, ஒரு பிள்ளை மூச்சு விடுது" என்று ஐயரம்மா ஒரே பேச்சில் வாயை அடைத்துவிட்டார்.

எப்சிபாவோ தெளிந்த முகத்தோடு, பிள்ளை நெஞ்சில் கை வைத்தபடி, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். கனவுகள்தான் அவளைக் காட்டிக்கொடுத்தன. அரிசிக்கு முகம் கிடையாது, தூக்கத்துக்கு உண்டு. கணக்குப் பரீட்சையில் பேனா எழுதாமல் தவிக்கிற கனவு வந்தது, அதில் கூந்தல் பின்னலோடு ஜாய்ஸ் டீச்சர் இருந்தாள். கடற்கரையில் தலையை அவிழ்த்துவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற கனவு வந்தது, அது ஐயரம்மா. புளியமரத்துப் பையன்கள் மறுபடி வந்தபோது அதில் கடைக்குட்டிக்கு மூக்கில் தழும்பு இருந்ததை எப்சிபா பார்த்துவிட்டாள். அந்தத் தழும்புக்கு மருந்து வைத்ததே அவள்தான். கனவெல்லாம் கஞ்சி குடித்த பிறகே வந்தன, அந்த அரிசிச் சாக்கை இறக்கி வைத்தவள் ஞானப்பூ.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறு கையால் சாக்கை இழுத்துவந்து முற்றத்தில் கவிழ்த்தாள்.

"யாரு கேட்டா உங்ககிட்ட? நான் பிச்சையெடுத்தேனா? என் பிள்ளையை வளக்க எனக்குக் கை இல்லையா?"

ஞானப்பூ வேலிக்கு அந்தப் பக்கம் கரண்டியோடு நின்றாள். அவளுக்கும் தூக்கம் இல்லாத கோபம்.

"பிச்சைன்னு எவ சொன்னா? எங்க எல்லாருக்கும் நீ எத்தனை தடவை அரிசி கொண்டுவந்தே, அப்பம்னா நாங்க பிச்சைக்காரிகளா?"

எப்சிபா பிள்ளையோடு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். முற்றத்து அரிசியைக் கொத்தின கோழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தூங்கின, அவற்றைப் பிடிக்க வந்த நாயும் இரண்டு மணியை நக்கிவிட்டு அவற்றின் பக்கத்திலேயே படுத்தது, முடிச்சவிழ்ந்து வந்த ஒரு வெள்ளாடு நின்றபடியே சொக்கிப்போய் மறுநாள் வரை அசையவில்லை. தெருவோடு போனவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு எப்சிபாவுக்கு மறுபடியும் தூக்கம் இல்லை. முன்பாவது உடம்பு அதற்குப் பழகியிருந்தது, இப்போது நல்ல தூக்கத்தின் ருசி கண்டுவிட்ட உடம்பு கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் ஒருநாள், பிள்ளைக்குப் பால் கொடுத்துப் படுக்கப்போட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தவள், கை எப்போது நழுவியதென்று அறியவில்லை. தலை சுவரில் முட்டித்தான் விழித்தாள். பிள்ளையின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. சுண்டினாள், அசைவில்லை. மறுபடி சுண்டினாள், கத்தினாள், தூக்கிக் குலுக்கினாள், வாயில் ஊதினாள். கடைசியில் பெனிட்டா ஒரு அழுகை அழுதபோது எப்சிபாவும் தரையில் உட்கார்ந்து பிள்ளைக்கு மேலாக அழுதாள்.  என் பிள்ளையை நானே கொன்றுவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

ஆனாலும் வாசலைத் திறந்து ஆளைக் கூப்பிட வாய் வரவில்லை. பதிலாக, கவிழ்த்த சாக்கை எடுத்து வந்து, உள்ளும் புறமும் திருப்பி, தையலில் சிக்கிக்கிடந்த மணிகளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். ஒரு பிடிகூடத் தேறவில்லை. எல்லாம் நொய். அதைத்தான் காய்ச்சிக் குடித்தாள்.

அது ரொம்பவும் மெல்லிய தூக்கம். கணுக்கால் அளவுக்குமேல் ஆழமில்லாதது, எந்த நேரமும் வற்றிவிடுவேன் என்கிறது. அதில் ஒரு கனவு இருந்தது. மத்தியான நேரம், ஒரு அறை, ஜன்னல், சேலைத் தொட்டில். ஒரு பெண் தரையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள், வெயில் அவள் கால் வரைக்கும் வந்துவிட்டது. அவள் கண்ணைத் திறக்கிறாள். தொட்டில் ஆடவில்லை. சத்தமில்லை. அவள் எழுந்து தொட்டிலை நோக்கி ஒரு அடி வைக்கிறாள், அதோடு கனவு முறிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, மத்தியான நேரம், ஒரு அறை, ஜன்னல். எப்சிபா அந்தக் கனவை உச்சிப்பொழுது வரைக்கும் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கோவில் மணியின் கயிறு தொங்கிக்கொண்டிருந்ததால், அது யாருடைய வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அது கோவில்குட்டியாரின் வீடு, அவர்தான் மணியடித்து, பாய் விரித்து, கோவிலைப் பெருக்குகிறவர். அவருடைய மனைவி வயலட். எப்சிபா கல்யாணமாகி இந்த ஊருக்கு வருவதற்கு முன்பு வயலட்டுக்கு ஒரு பிள்ளை இருந்ததாகக் கேள்வி, தூக்கத்திலேயே போய்விட்டதாகவும் கேள்வி, அதற்குமேல் யாரும் பேசியதில்லை. வயலட்டை யாரும் ஒரு சொல் குற்றமாகச் சொன்னதும் இல்லை. ஆனால் சீயோன்விளையில் ஞானஸ்நானம் முடிந்ததும் பிள்ளையைப் பெண்கள் பாயில் மடிக்கு மடி மாற்றிக் கொடுத்துக்கொண்டே போவது வழக்கம், ஒவ்வொரு மடியிலும் ஒரு முத்தம், ஒரு ஆசீர்வாதம். பிள்ளை நெருங்கி வரும்போதெல்லாம் வயலட், விளக்கைப் பார்க்கணும், கதவைச் சாத்தணும் என்று எழுந்து போய்விடுவாள். அவள் எழுந்து போகும்வரை பக்கத்து மடிக்காரி கொஞ்சம் தாமதித்துக் கொடுப்பாள். இத்தனை வருஷமாக அது மரியாதை என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவள் தூங்குவதையே ஊரில் யாரும் பார்த்ததில்லை என்பதும் எப்சிபாவுக்கு இப்போதுதான் உறைத்தது. இருந்ததே அந்தக் கணுக்கால் ஆழம்தான், அதிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டிருக்கிறாள்.

எப்சிபா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். நல்ல உச்சிவெயில். தூக்கம் போன பெண்கள் எல்லாரும் வாசல் வாசலாக உட்கார்ந்திருந்தார்கள், அவள் போவதைப் பார்த்துவிட்டு ஒருத்தி பின் ஒருத்தியாக எழுந்து, சற்று இடைவெளி விட்டு, ஒன்றும் கேட்காமல் பின்னால் நடந்தார்கள். ஞானப்பூ சண்டையை மறக்காத முகத்தோடு, ஆனால் எல்லாருக்கும் முன்னால் வந்தாள்.

வயலட் கோவில் வராந்தாவில் சுளகு வைத்துக் கடகத்து அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தாள்.

"அக்கா, பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க."

வயலட் சுளகைக் கீழே வைக்கவில்லை. மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள்.

"என்கிட்டயா? ஞானப்பூ வாரா பாரு, அவ கையில கொடும்மா. எனக்கு வேலை கெடக்கு."

"உங்ககிட்டதான்."

"என் கை வேண்டாம்மா. ஒனக்குத் தெரியாது."

"தெரியும்க்கா. உங்க தூக்கத்தைக் குடிச்சிட்டுத்தான் வாரேன்." எப்சிபா பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி ஒரு கையில் ஏந்தினாள். "காலையில நான் உறங்கிட்டேன். பிள்ளை நீலம் பாஞ்சு போச்சு. நான் மோசமான அம்மையாக்கா?"

"ஐயோ, இல்லம்மா." வயலட் சட்டென்று சொன்னாள். "ஒடம்பு அசந்துட்டா யாரு என்ன செய்ய முடியும்? நீ என்ன வேணும்னா செஞ்சே?"

சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததால், வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. பின்னால் நின்ற பெண்களில் சந்தோஷத்தம்மாள் முதலில் விம்மினாள், பிறகு யார் யார் என்று தெரியவில்லை.

"என்னால முடியலக்கா," என்றாள் எப்சிபா. பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத சொல் அது, எங்கேயும் தட்டாமல் வெளியே வந்தது. "நீங்க முழிச்சிருங்க. நான் உறங்கணும்."

சுளகை மெல்ல வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த மடியில் பிள்ளையைக் கிடத்தினாள். வயலட்டின் கை வந்து குழந்தையின் நெஞ்சில் உட்கார்ந்தது. எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஞானப்பூ உள்ளேயிருந்து ஒரு பாயை எடுத்துவந்து உதறி விரித்தாள், "படுளா" என்று அதட்டினாள், எப்சிபா மறுபேச்சுப் பேசாமல் படுத்தாள், ஐயரம்மா தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்துக்கு விசிற ஆரம்பித்தார்.

யாரும் கொடுக்காத, அவளுடைய சொந்தத் தூக்கம் வந்தது. அது எவ்வளவு பெரியது என்று அவளே மறந்திருந்தாள். வராந்தாவும் வெயிலும் பெண்களின் குசுகுசுப்பும் மேலே மிதந்து போக, அவள் கீழே, இன்னும் கீழே என்று போய்க்கொண்டிருந்தாள். வெகு ஆழத்தில் இருந்தபோது மேலே எல்லாம் நிசப்தமாயிற்று. பேச்சு நின்றது, விசிறல் நின்றது, எல்லாரும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிற நிசப்தம் அது. எப்சிபாவின் உடம்பு தானாகவே மேல்நோக்கி எழும்பப் பார்த்தது. அப்போது சின்ன உள்ளங்காலில் ஒரு விரல் சுண்டுகிற சத்தம் கேட்டது, அதைத் தொடர்ந்து பெனிட்டாவின் அழுகை, கோபமும் உயிரும் நிறைந்ததாய், கோவில் ஓட்டில் மோதி எதிரொலித்தது.

எப்சிபாவுக்குத் தூக்கத்திலேயே அது கேட்டது. பிள்ளை யார் கையில் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. மறுபக்கம் புரண்டு படுத்துக்கொண்டாள்.